டீசலில் ஓடிய ஆடி ஆர்10: லே மான்ஸில் வென்றது காரா, விதியா?

கேள்வி சுருக்கமானது. 2006, 2007, 2008 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பிரான்ஸின் லே மான்ஸ் 24 மணி நேரக் கார் பந்தயத்தை வென்ற ஆடி ஆர்10 டிடிஐ உண்மையிலேயே அவ்வளவு சிறந்த காரா, அல்லது டீசலுக்கு விதிகள் கொடுத்த சலுகையில் வென்ற காரா? கேட்டவர் கூடவே இன்னொன்றையும் கேட்டிருந்தார்: லாரிக்கும் பேருந்துக்கும் உரிய டீசல் இன்ஜினை எந்தத் துணிச்சலில் பந்தயக் காரில் வைத்தார்கள்?

விதிகள் டீசலுக்குச் சாதகமாக இருந்தன என்பதை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் அந்த மூன்று வெற்றிகளையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட முடியாது என்பது என் கருத்து. முதல் வெற்றியில் விதிக்கும் இன்ஜினுக்கும் பங்கு உண்டு. மூன்றாவது வெற்றியின்போது எதிரே நின்றதும் அதே விதிப்படி கட்டப்பட்ட டீசல் கார்தான். அதுவும் ஒரு சுற்றுக்கு ஐந்து விநாடி வேகமான கார். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் துணிச்சல் பற்றிய கேள்வி. பந்தயத்தில் டீசலை முயன்று பார்த்தவர்கள் ஆடிக்கு முன்பும் இருந்தார்கள். லே மான்ஸில் 1949ஆம் ஆண்டிலேயே தெலெத்ரே சகோதரர்கள் ஒரு டீசல் காரைக் கொண்டுவந்தார்கள். அது பந்தயத்தை முடிக்கவில்லை. அமெரிக்காவில் 1952ஆம் ஆண்டின் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில், கம்மின்ஸ் நிறுவனத்தின் டீசல் கார் தகுதிச் சுற்றில் எல்லாரையும் முந்தி முதலிடத்தில் நின்றது. ஓட்டியவர் ஃபிரெட் அகபாஷியன். பந்தயத்தின் நடுவே தடத்தில் உதிர்ந்து கிடந்த டயர் ரப்பர்த் துணுக்குகள், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவுக்குக் காற்றுப் போகும் வாயை அடைத்துக்கொண்டன, கார் நின்றுபோயிற்று. இந்த ரப்பர் சங்கதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 56 ஆண்டுகள் கழித்து வேறொரு டீசல் காரின் கதையில் அது மறுபடி வரும்.

ஆடிக்கு டீசல் ஒரு வணிகத் தேவையாகவும் இருந்தது. 1989இல் ஆடி 100 காரில் ஐந்து சிலிண்டர் டிடிஐ இன்ஜினை (டர்போ வைத்த தன் டீசல் இன்ஜின்களுக்கு ஆடி சூட்டிய பெயர்) கொண்டுவந்த நாளிலிருந்து, ஐரோப்பாவில் அந்த மூன்றெழுத்து அவர்களுடைய விற்பனையின் முதுகெலும்பாக வளர்ந்துவந்தது. இன்னொரு பக்கம், பெட்ரோலில் ஓடிய ஆர்8 பந்தயக் கார் 2000 முதல் 2005 வரையிலான ஆறு ஆண்டுகளில் ஐந்து முறை லே மான்ஸை வென்றுவிட்டது. இடையில் தவறிய 2003ஐயும் அதே குழுமத்தைச் சேர்ந்த பென்ட்லியே எடுத்துக்கொண்டது. அதே வழியில் ஆறாவது முறை வென்றால் செய்தித்தாளில் ஒரு பத்திச் செய்தியாகத்தான் வரும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கும். டீசலில் வென்றால் அது தலைப்புச் செய்தி. ஆடியின் பந்தயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் வொல்ஃப்காங் உல்ரிக். இன்ஜின் பொறுப்பு உல்ரிக் பாரெட்ஸ்கியிடம் இருந்தது. பெயரில் ஒற்றுமை இருந்தாலும் இருவரும் வேறு வேறு ஆட்கள். படிக்கிறவர்கள் குழம்புவது வழக்கம் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

கார் 2005 டிசம்பரில் பாரிஸில் அறிமுகமானது. அதன் மையம் 5.5 லிட்டர் கொள்ளளவுள்ள, 90 பாகைக் கோணத்தில் பிரிந்து நிற்கும் பன்னிரண்டு சிலிண்டர் வி12 டீசல் இன்ஜின். இரண்டு டர்போக்கள். 650 குதிரைத் திறனுக்கு மேல், 1100 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கு விசை. இரண்டாவது எண்தான் இங்கே கவனிக்க வேண்டியது. அந்தக் காலப் பெட்ரோல் பந்தய இன்ஜின்கள் இதைவிட மிக வேகமாகச் சுழன்று அந்தக் குதிரைத் திறனை எட்டின. டீசலில் தீப்பொறி கிடையாது. அழுத்தத்தால் கொதிக்கும் காற்றுக்குள் எரிபொருளைப் பீய்ச்சி, அது தானே பற்றிக்கொள்ளும்படி விடுகிறோம். அந்த எரிதலுக்கு நேரம் பிடிக்கும் என்பதால் இன்ஜினை மிக வேகமாகச் சுழற்ற இயலாது. ஆர்10 இன்ஜினின் வேலை நிமிடத்துக்கு ஏறக்குறைய 3000 முதல் 5000 சுழற்சிக்குள் முடிந்துவிடும். சுழற்சி குறைவாக இருக்கும்போது அதே திறனைப் பெற வேண்டுமென்றால் ஒவ்வொரு சுழற்சியிலும் கூடுதல் விசை வேண்டும். அதாவது ஒவ்வொரு முறையும் பிஸ்டனின் தலையில் விழும் அடி மிகப் பலமானதாக இருக்க வேண்டும்.

அந்த அடியைத் தாங்கும் இன்ஜினை வழக்கமாக வார்ப்பிரும்பில் செய்வார்கள். பழைய அரசுப் பேருந்துகளில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருந்த இன்ஜின் பெட்டியின்மேல் உட்கார்ந்து பயணம் செய்தவர்களுக்கு டீசலின் எடையும் சூடும் அதிர்வும் எப்படிப்பட்டவை என்று நான் விளக்க வேண்டியதில்லை. 925 கிலோ எடைக்குள் முழுக் காரையும் அடக்க வேண்டிய பந்தயத்தில் வார்ப்பிரும்புக்கு இடமில்லை. ஆகவே இன்ஜின் பிளாக்கை அலுமினியத்தில் வார்த்தார்கள். ஆடியின் டீசல் இன்ஜின்களில் இது முதல்முறை. எரிபொருளை 1600 பாருக்கும் மேலான அழுத்தத்தில் பீய்ச்சும் காமன் ரெயில் அமைப்பு பாஷ் நிறுவனத்துடையது. இரண்டு புகைக் குழாய்களிலும் கரித்துகள் வடிகட்டி இருந்தது. பந்தயக் காருக்குக் கரித்துகள் வடிகட்டி எதற்கு என்று கேட்கலாம். கரும்புகை கக்கிக்கொண்டு லே மான்ஸை வென்றிருந்தால் அந்த வெற்றியின் புகைப்படத்தை எந்த விளம்பரத்திலும் போட்டிருக்க முடியாது, பதில் அவ்வளவுதான்.

அலுமினியமாக இருந்தும் அந்த இன்ஜின் 200 கிலோவுக்கு மேல் எடை கொண்டது; நீளமும் அதிகம். இன்ஜின் நீண்டதால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தொலைவு ஆர்8ஐவிடக் கூடியது. பின்பக்கம் கனத்த காரை வளைவில் திருப்பும்போது அந்தக் கனம் வெளிப்பக்கமாக இழுக்கும்; ஆர்10 தன் வாழ்நாள் முழுக்கச் சிறிய, நெளிவான தடங்களில் தடுமாறியதற்கு இதுவே வேர். கார்பன் நாரினால் ஆன உடற்கூட்டை இத்தாலியின் டல்லாரா செய்துகொடுத்தது. கியர்பாக்ஸில் ஐந்து கியர்கள்தான். முறுக்கு விசை இவ்வளவு பரந்து கிடக்கும்போது அதிகக் கியர்கள் தேவைப்படவில்லை, ஆனால் இருக்கிற ஒவ்வொரு பல்லும் 1100 நியூட்டன் மீட்டரைத் தாங்க வேண்டியிருந்தது.

ஓட்டுநர்கள் எதிர்கொண்ட வினோதம் சத்தம், அல்லது அது இல்லாமை. டர்போவும் வடிகட்டியும் சேர்ந்து இன்ஜின் ஒலியை விழுங்கிவிட்டன. பந்தய ஓட்டுநர் கியர் மாற்றுவது பெரும்பாலும் காதை வைத்துத்தான். இன்ஜின் வீறிட்டு ஓர் உச்சத்தைத் தொடும்போது கை தானாக நகரும். ஆர்10இல் திறந்த காக்பிட்டில் தலைக்கவசத்தின்மேல் காற்று அறையும் ஒலியில் இன்ஜின் அமிழ்ந்துபோனது. ஆகவே அவர்கள் ஸ்டீயரிங்கில் எரியும் விளக்குகளைப் பார்த்துக் கியர் மாற்றப் பழக வேண்டியிருந்தது. வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கோ, டயர் தார்ச்சாலையில் உரசும் ஓசையோடு ஏதோ ஒன்று விசுக்கென்று போய்விட்டது என்ற உணர்வுதான் மிஞ்சியது. பந்தயத்தின் பாதி இன்பம் ஒலியில் இருப்பதாக நினைக்கிற ரசிகர்கள் இதை இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர்களோடு எனக்கும் ஓரளவு உடன்பாடு உண்டு.

இப்போது விதிக்கு வருவோம். லே மான்ஸ் பந்தயத்தை நடத்தும் மேற்குப் பிரான்ஸ் மோட்டார் சங்கத்தின் அன்றைய எல்எம்பி1 விதி, அதாவது பந்தயத்தின் உச்சப் பிரிவுக்கான விதி, டர்போ உள்ள பெட்ரோல் இன்ஜினுக்கு 4 லிட்டரும், டர்போ இல்லாததற்கு 6 லிட்டரும், டர்போ டீசலுக்கு 5.5 லிட்டரும் அனுமதித்தது. இதோடு, இன்ஜினுக்குள் போகும் காற்றை அளந்துவிடும் ரெஸ்ட்ரிக்டர் என்ற வளையம் உண்டு. வளையத்தின் துளை சிறுத்தால் இன்ஜின் மூச்சுத் திணறும். டீசலுக்குப் பெரிய துளை கொடுத்தார்கள். இதைத்தான் சலுகை என்கிறார்கள்.

இதற்கு ஓர் அறிவியல் காரணம் உண்டு. பெட்ரோல் இன்ஜின் ஏறக்குறைய உள்ளே வந்த காற்று முழுவதையும் எரிக்கப் பயன்படுத்திக்கொள்ளும். டீசலில் எரிபொருள் கடைசி நொடியில் பீய்ச்சப்படுவதால் காற்றோடு முழுமையாகக் கலக்க அவகாசமில்லை. கூடுதல் காற்று இல்லாவிட்டால் கரும்புகைதான் வரும். ஆகவே இருவருக்கும் ஒரே அளவு துளை என்று வைத்தால் டீசல் பிறக்கும்முன்பே தோற்றுவிடும். எவ்வளவு பெரிய துளை நியாயமானது என்பதுதான் சிக்கல். விதியை எழுதியபோது அளந்து பார்க்க நல்ல டீசல் பந்தயக் கார் எதுவும் உலகில் இல்லை. ஊகத்தில் போட்ட எண் அது. ஆடி அந்த எண்ணைப் படித்து, அதன் விளிம்புவரை நிரப்பும்படி ஓர் இன்ஜினைக் கட்டியது. விதியைச் சரியாகப் படித்தவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சொந்தப் பணத்தைத் திரட்டி ஓடிய பெஸ்கரோலோ போன்ற சிறு பெட்ரோல் அணிகளின் மனக்குறை நியாயமானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

டீசலின் இன்னொரு பலன் பிட்டில், அதாவது எரிபொருள் நிரப்பவும் பழுது பார்க்கவும் கார்கள் வந்து நிற்கும் இடத்தில், தெரிந்தது. ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஆற்றல் அதிகம். அதைச் செலவழிப்பதிலும் டீசல் இன்ஜின் சிக்கனமானது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 24 மணி நேரத்தில் 380 சுற்று ஓடும் காருக்கு ஒரு தொட்டி எரிபொருள் 12 சுற்றுக்கு வந்தால் 31 முறை நிற்க வேண்டும். 14 சுற்றுக்கு வந்தால் 27 முறை போதும். நான்கு நிறுத்தம் மிச்சம். பிட் லேனுக்குள் மெதுவாக நுழைந்து, நிரப்பி, மறுபடி வெளியேற ஒரு நிமிடம்தான் ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும் நான்கு நிமிடம், அதாவது ஒரு முழுச் சுற்றுக்கும் மேல், ஆக்சிலரேட்டரை ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடுதலாக மிதிக்காமல் கையில் வந்துவிடுகிறது. நடத்துநர்களும் இதைக் கண்டுகொண்டார்கள்: 2006இல் எல்லாருக்கும் 90 லிட்டராக இருந்த தொட்டி, 2007இல் டீசலுக்கு மட்டும் 81 லிட்டராகக் குறைந்தது.

முதல் பந்தயம் 2006 மார்ச்சில் ஃபுளோரிடாவின் செப்ரிங்கில் நடந்த 12 மணி நேரப் போட்டி. பழைய விமான நிலையத்தின் கான்கிரீட் பலகைகளின்மேல் ஓடும் தடம் அது. புதிய காரின் எலும்புகளை உலுக்கிப் பார்க்க அதைவிடக் கொடுமையான இடம் கிடையாது. தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்த ஆர்10, வெப்பமாற்றி ஒன்றை மாற்ற வேண்டி வந்ததால், அந்த முதலிடத்தை இழந்து பிட் லேனிலிருந்து கிளம்பியது. கூட வந்த இன்னொரு ஆர்10 இன்ஜின் சூடேறி விலகியது. பிட் லேனிலிருந்து கிளம்பிய கார், டின்டோ கப்பெல்லோ, டாம் கிறிஸ்டென்சன், ஆலன் மெக்நிஷ் மூவரும் மாறி மாறி ஓட்ட, வென்றது. அறிமுகமாகி மூன்று மாதத்தில், முதல் ஓட்டத்திலேயே.

ஜூன் மாதத்து லே மான்ஸ் இதைவிட அமைதியாக நடந்தது. பிராங்க் பியலா, இமானுவேல் பிர்ரோ, மார்கோ வெர்னர் ஓட்டிய எட்டாம் எண் கார் 380 சுற்றுகள், அதாவது 5187 கிலோமீட்டர் ஓடி வென்றது. லே மான்ஸை ஒரு டீசல் கார் வென்றது அதுவே முதல்முறை. கிறிஸ்டென்சன் குழுவின் கார், எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் கோளாறால் நேரமிழந்து மூன்றாவதாக வந்தது. இரண்டுக்கும் நடுவே, நான்கு சுற்று பின்னால், ஒரு பெட்ரோல் பெஸ்கரோலோ. அதன் ஓட்டுநர்களில் ஒருவர் ராலி உலகச் சாம்பியன் செபாஸ்டியன் லோப். ஆடியின் மூன்று ஓட்டுநர்களுமே தவறு செய்யாதவர்கள் என்று பெயரெடுத்தவர்கள், மின்னல் வேகக்காரர்கள் என்று அல்ல. ஒரு புதிய இன்ஜினை 24 மணி நேரம் பத்திரமாகக் கொண்டுசேர்க்க அதுவே சரியான தேர்வு.

2007இல் எதிரி வந்துவிட்டான். பியூஜோவின் 908, அதுவும் 5.5 லிட்டர் வி12 டீசல், ஆனால் மேலே கூரை மூடிய கார். காற்றைக் கிழிப்பதில் மூடிய கார் தேர்ந்தது; லே மான்ஸின் நீண்ட நேர்ச்சாலைகளில் அதற்கு மதிப்பு அதிகம். ஆடி மூன்று கார்களோடு போனது. மைக் ராக்கென்ஃபெல்லர் ஓட்டிய கார் முதல் சில மணி நேரத்திலேயே தடுப்பில் மோதி முடிந்துபோயிற்று. ஏப்ரலில் ஹாக்கன்ஹைமில் நடந்த ஜெர்மன் டிடிஎம் பந்தயத்தில் கடுமையாக விபத்துக்குள்ளாகி, லே மான்ஸுக்குத் தேறுவாரா என்றே ஐயமாக இருந்த கிறிஸ்டென்சன், தேறி வந்து, கப்பெல்லோவோடும் மெக்நிஷோடும் சேர்ந்து இரவு முழுக்க முன்னிலையில் இருந்தார். ஞாயிறு காலையில் கப்பெல்லோ இண்டியானாபோலிஸ் என்ற வளைவை நோக்கி முழு வேகத்தில் வரும்போது பின்பக்கத்து இடது சக்கரம் கழன்று தனியே ஓடியது. மூன்று கால் நாற்காலிபோல ஆன கார் தடுப்பில் போய் முட்டியது. கப்பெல்லோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இத்தனை கோடி செலவழித்துக் கட்டிய காரை அன்று நிறுத்தியது, மையத்தில் சரியாகப் பற்றிக்கொள்ளாத ஒற்றைச் சக்கரம். மிச்சமிருந்த ஒரே ஆர்10, மறுபடி பியலா, பிர்ரோ, வெர்னர் மூவரின் கார், கடைசி மணிகளில் கொட்டிய மழைக்குள் 369 சுற்றுகளோடு முதலில் வந்தது. பியூஜோ பத்துச் சுற்று பின்னால். வேகத்தைப் பார்த்தால் பியூஜோ சளைத்த கார் அல்ல. அதற்கு இன்னும் நீடித்து உழைக்கத் தெரியவில்லை, அவ்வளவே.

2008தான் நான் திரும்பத் திரும்பப் போகிற ஆண்டு. தகுதிச் சுற்றில் ஸ்டெஃபான் சராசான் பியூஜோவை 3 நிமிடம் 18.5 விநாடியில் சுற்றவைத்தார். மிக வேகமான ஆடியின் நேரம் 3 நிமிடம் 23.8 விநாடி. ஐந்து விநாடிக்கு மேல் வேறுபாடு. தொடக்க வரிசையில் முதல் மூன்று இடமும் பியூஜோவுக்கே. உலர்ந்த தடத்தில் 24 மணி நேரமும் இருவரும் தவறே செய்யாமல் ஓடினால் ஆடி பல சுற்று பின்தங்கிவிடும் என்பது எளிய கூட்டல். இதைத் தெரிந்துகொண்டே அங்கே போய் நின்ற அணியிடம் இருந்தவை மூன்று: மழை வரும் என்ற நம்பிக்கை, ஆடிக்காகக் கார்களைக் களத்தில் நடத்திய, பிட்டில் ஒரு விநாடியும் வீணாக்காத யோஸ்ட் அணியின் பணியாளர்கள், எதிரியை ஓட்டத்தின் ஒவ்வொரு மணியிலும் நெருக்கியே வைத்திருக்கத் தெரிந்த கப்பெல்லோ, கிறிஸ்டென்சன், மெக்நிஷ்.

பியூஜோக்கள் எதிர்பார்த்தபடியே முன்னால் போயின. ஆனால் நெருக்கிக்கொண்டு ஒரு ஆடி பின்னால் இருந்ததால், அவற்றால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓட முடியவில்லை. இரவில் மழை இறங்கியது. நனைந்த தடத்தில் ஆர்10 தடம் பிடித்து நின்ற அளவுக்கு 908 நிற்கவில்லை. சுற்றுக்குச் சுற்று இடைவெளி குறைந்து, விடிவதற்கு முன்பு ஆடி முன்னிலைக்கு வந்தது. அதோடு பியூஜோவின் ரேடியேட்டர்களில் தடத்துக் குப்பையும் டயர் ரப்பர்த் துணுக்குகளும் போய் அடைத்துக்கொள்ள, இன்ஜின் சூடேறுவதைத் தவிர்க்க அவற்றைப் பிட்டுக்குள் இழுத்துச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. 1952இல் அகபாஷியனின் டீசலை நிறுத்திய அதே ரப்பர். முடிவில் ஆடி 381 சுற்று. அதே சுற்றிலேயே சுமார் நாலரை நிமிடம் பின்னால் ஜாக் வில்நவ், மார்க் ஜெனே, நிக்கோலா மினாசியன் ஓட்டிய பியூஜோ. நாலரை நிமிடம் என்பது பிட்டில் ஒரு ரேடியேட்டரைக் கழுவும் நேரம். கிறிஸ்டென்சனுக்கு அது எட்டாவது லே மான்ஸ் வெற்றி.

அந்த ஆண்டு விதி இருவருக்கும் ஒன்றுதான். எரிபொருள் ஒன்று, கொள்ளளவு ஒன்று, சிலிண்டர் எண்ணிக்கை ஒன்று. ஆகவே சலுகை என்ற வாதம் 2008க்குப் பொருந்தவே பொருந்தாது. நேர்மையாகச் சொன்னால், அன்றைக்குச் சிறந்த கார் ஆர்10 அல்ல. சிறந்த கார் தோற்றது.

அமெரிக்கத் தொடரில் ஆர்10இன் கதை இவ்வளவு பொலிவானதல்ல. 2006, 2007 ஆண்டுகளில் கப்பெல்லோவும் மெக்நிஷும், 2008இல் லூகாஸ் லூரும் வெர்னரும் அமெரிக்கன் லே மான்ஸ் தொடரின் எல்எம்பி1 பட்டத்தை வென்றார்கள் என்று பதிவேடு சொல்லும். பதிவேடு சொல்லாதது, அந்தப் பிரிவில் அவர்களுக்குத் தகுந்த போட்டி குறைவு என்பது. ஒரு பிரிவு கீழே எல்எம்பி2இல் ஓடிய போர்ஷேயின் ஆர்எஸ் ஸ்பைடர், எடை வெகுவாகக் குறைந்த 3.4 லிட்டர் பெட்ரோல் கார், நகரத் தெருத் தடங்களிலும் நெளிவான தடங்களிலும் கனத்த டீசலை வளைத்து வளைத்து முந்தியது. 2007இல் பல பந்தயங்களில் ஒட்டுமொத்த முதலிடமே அதற்குத்தான் போனது. 2008இல் செப்ரிங்கையும் போர்ஷே பறித்துக்கொண்டது. நேர்ச்சாலை நீண்டால் ஆர்10 ராஜா. வளைவுகள் நெருங்கினால் அதன் வாலில் தொங்கும் இன்ஜினே அதற்குப் பகை.

இருந்தாலும் 2008 அக்டோபரில் ஜார்ஜியாவின் ரோடு அட்லாண்டா தடத்தில் நடந்த ‘பெட்டி லே மான்ஸ்’ (Petit Le Mans) பந்தயத்தை விட்டுவிட முடியாது. தொடக்க வரிசைக்குப் போகும் வழியிலேயே, டயர் இன்னும் சூடேறாத நிலையில், மெக்நிஷ் காரைச் சுழலவிட்டு இடித்து மூக்கை நொறுக்கிவிட்டார். பந்தயம் தொடங்கும்போது கார் பிட்டில் பழுது பார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. இரண்டு சுற்று பின்தங்கியே களத்தில் இறங்கியது. ஏறத்தாழ பத்து மணி நேரம் விட்டதைப் பிடிப்பதிலேயே கழிந்தது. கடைசிக் கட்டத்தில் பியூஜோவை முந்தி வென்று காட்டியவரும் அதே மெக்நிஷ்தான். காலையில் தான் செய்த தப்புக்கு மாலையில் தானே அபராதம் கட்டிய ஓட்டம் அது. ஐரோப்பாவிலும் அந்த ஆண்டின் லே மான்ஸ் தொடரில் பெரும்பாலான பந்தயங்களைப் பியூஜோ வென்றிருந்தும், ஓட்டுநர் பட்டம் ஆர்10இன் அலெக்சாண்டர் ப்ரேமாவுக்கும் ராக்கென்ஃபெல்லருக்கும் போனது. ஒழுங்காக முடித்துப் புள்ளி சேர்த்தவர்கள் அவர்கள்.

2009இல் பத்துச் சிலிண்டர் ஆர்15 வந்து ஆர்10ஐ ஓய்வுக்கு அனுப்பியது. புதிய கார் அந்த ஆண்டே லே மான்ஸைப் பியூஜோவிடம் இழந்தது என்பதையும் குறித்துக்கொள்ளலாம். ஆனால் 2006இல் ஆர்10 திறந்த வழியில் 2014 வரை ஒன்பது ஆண்டுகள் லே மான்ஸை வென்றவை எல்லாமே டீசல் கார்கள். எட்டு ஆடிக்கு, ஒன்று பியூஜோவுக்கு. 2015இல் பெட்ரோல் ஹைபிரிட் போர்ஷே அந்த வரிசையை முறித்தது. அதே ஆண்டு செப்டம்பரில், ஃபோக்ஸ்வாகன் குழுமம் தன் டீசல் கார்களின் மாசு அளவைச் சோதனையில் குறைத்துக் காட்ட மென்பொருளில் செய்த மோசடி வெளியானது. 2016 முடிவில் ஆடி இந்தப் பந்தயத்தை விட்டே விலகியது. சாலைக் காரில் நடந்த அந்தப் பொய்க்கும் ஆர்10இல் உழைத்தவர்களுக்கும் தொடர்பு கற்பிப்பது சரியல்ல. ஆனாலும், டிடிஐ என்ற மூன்றெழுத்தைத் தூய்மையான வேகத்தின் பெயராக உலகுக்கு விற்றது அந்தக் காரின் வேலைகளில் ஒன்று என்பதால், அதன் பழைய விளம்பரப் படங்களை இப்போது பார்க்கும்போது ஒரு கசப்பு வராமல் இல்லை.

கடைசியாக, நம் ஊர்க்காரர் ஒருவருக்கும் இந்தக் காருக்கும் உள்ள தொடர்பு. ஆடி ஓய்வு கொடுத்த ஆர்10களில் இரண்டை, 2009இல் கோலஸ் என்ற தனியார் அணி லே மான்ஸுக்குக் கொண்டுபோனது. அதில் 14ஆம் எண் காருக்கு மூன்று ஓட்டுநர்கள்: சார்லஸ் ஸ்வோல்ஸ்மன், அதுவரை லே மான்ஸில் ஓடியிராத ஆந்த்ரே லோட்டரர், மற்றும் ஃபார்முலா 1இல் ஓடிய முதல் இந்தியரான கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன்பு பிட் சுவரிலிருந்து இறங்கும்போது நரேன் தவறி விழுந்து தோள்பட்டை நழுவிவிட்டது. மருத்துவர்கள் ஓட்ட அனுமதிக்கவில்லை. ஒருவர் மொத்தம் 14 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது அங்குள்ள விதி. ஆகவே 24 மணி நேரத்தை இருவராகப் பகிர்ந்துகொள்ள முடியும், ஆனால் ஓய்வு என்ற பேச்சுக்கே இடமிருக்காது. ஸ்வோல்ஸ்மனும் லோட்டரரும் மாறி மாறி ஓட்டி, தொழிற்சாலை ஆதரவில்லாத அந்தப் பழைய காரை ஏழாவது இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டே ஆடி லோட்டரரைத் தன் சொந்த அணிக்கு எடுத்துக்கொண்டது; 2011, 2012, 2014 என மூன்று முறை அவர் லே மான்ஸை வென்றார், மூன்றும் ஆடியின் டீசலில்.